லிஸ்டில் இல்லாத வண்டி

ஒரகடம்,
10.8.2025, ஞாயிறு

அன்புள்ள நைனாவுக்கு,

செல்வராணி எழுதுவது. நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், இளைக்கவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

காலையில் போனில் பேசும்போது ஹாஸ்டல் ரூமில் ஆறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் வண்டி மாடலில் பிரேக் பெடலைப் பிடித்திருக்கும் ஒரு பின் சரியில்லையாம். சுண்டுவிரல் நீளம்தான். அது உடைந்தால், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. எங்கள் கம்பெனியில் செய்ததுதான். வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டு இலவசமாக மாற்றித் தரப் போகிறார்கள். எந்தெந்த வண்டி என்று லிஸ்ட் போட்டு வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்புவார்கள். அதுவரை மே மாதம் வாங்கின நம் வாடகை வண்டியை எடுக்காதீர்கள். கோபம் வரும், தெரியும். வரட்டும்.

அடுத்த மாதம் என்னை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.

உங்கள் மகள்,
செல்வராணி


செஞ்சி,
16.8.2025

என் செல்ல மகள் ராணிக்கு நைனா எழுதுவது.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்றிலிருந்து வண்டியை வாசலில் நிறுத்தித் துடைத்துத் துடைத்து, இன்னும் இரண்டு நாள் போனால் பெயிண்டே வந்திருக்கும். கோட்டை பார்க்க வந்த பெங்களூர்க்காரர்களை நம் ஸ்டாண்டு ஆனந்தராஜிடம் தள்ளிவிட்டேன். அவனுடையதும் இதே மாடல். பார்த்தால் மறுநாளே அவனுக்கு நோட்டீஸ் வந்து நிற்கிறது, எனக்கு வரவில்லை. மனசு கேட்காமல் இன்றைக்குப் பஸ் ஏறித் திண்டிவனம் ஷோரூமுக்கே போனேன். அங்கிருந்த பெண் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வண்டி லிஸ்ட்ல இல்ல சார், தாராளமா ஓட்டுங்க" என்றது.

இந்த நல்ல சேதியைப் போனில் சொன்னால், "அப்பவும் எடுக்காதீங்க நைனா" என்கிறாய். ஏன் என்றால் மூக்கை உறிஞ்சுகிறாய். இன்னாம்மா இது? லிஸ்ட் போட்டவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா? வருகிற வெள்ளிக்கிழமை அமாவாசை. மேல்மலையனூருக்கு நாலு நடை பேசியிருக்கிறேன். அங்காளம்மனைப் பார்க்க ஜனம் போனால்தான் இந்த அந்தோணியார் பக்தன் வீட்டில் அடுப்பு எரியும்.

மனசில் வேறு ஏதாவது இருந்தால் எழுது. யாராவது பையனா? ஜாதகம் பார்க்கிற வீடு இல்லை நம் வீடு, பயப்படாதே.

நைனா,
பால்சாமி


செஞ்சி,
25.8.2025

ராணி,

ஆனந்தராஜ் போனில் சொல்லியிருப்பான். என் வாயாலும் கேள்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் நாலு மணி, மூன்றாவது நடை. மேல்மலையனூருக்குள் நுழையும் இடத்தில் ஒரே கூட்டம். இருபதுக்கு மேல் நான் போகவில்லை. பிரேக்கை மிதித்தேன். டக்கென்று ஒரு சத்தம், பெடல் தரையோடு படுத்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுப்பதற்குள், ஓரமாக எலுமிச்சை மாலை விற்றுக்கொண்டிருந்த பச்சமுத்து மேல் மோதிவிட்டேன். தொண்டூர்க்காரன், நாற்பது வயசு இருக்கும். காலில் இரண்டு இடத்தில் முறிவு. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"குடிச்சிட்டு ஓட்டறான்டா" என்று ஜனம் சட்டையைப் பிடித்தது. உன் அம்மா போனதிலிருந்து ஆறு வருஷமாக நான் தொட்டதில்லை. ஊதச் சொன்னார்கள், ஊதினேன், ஒன்றும் இல்லை. ஆனாலும் வண்டியும் லைசென்சும் ஸ்டேஷனில். ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "பின் உடைஞ்சிருக்குது. ஆனா லிஸ்ட்லயே இல்லாத வண்டி. மோதினதுல உடைஞ்சிருக்கும்" என்கிறார். முதலில் உடைந்ததால்தான் மோதினேன் என்று தொண்டைத்தண்ணி வற்றச் சொல்லியும் கேட்க ஒரு நாதி இல்லை.

இருபத்தெட்டு வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவன், ஒரு கோழியை அடித்ததில்லை. அந்தப் பின்னைச் சரிபார்த்து அனுப்பின கபோதி எவன்? அவன் கை விளங்குமா? உன் கம்பெனியில் விசாரித்து எழுது. நேரில் வந்து கேட்கிறேன்.

பால்சாமி


ஒரகடம்,
29.8.2025

நைனா,

அந்தக் கை என்னுடையது.

ஒவ்வொரு பின்னையும் மிஷினில் வைத்து அழுத்திப் பார்த்து, தாங்கினால் பச்சைப் புள்ளி வைப்பதுதான் என் வேலை. மார்ச் 27 மதியம் மிஷின் நின்றுவிட்டது. சூப்பர்வைசர் வசந்தா மேடம் காலில் வெந்நீர் ஊற்றின மாதிரி ஓடிவந்து, "லாரி நிக்குதும்மா, புள்ளிய வெச்சு அனுப்பு, நான் பாத்துக்கறேன்" என்றார். நூற்று நாற்பது பின். நான் புள்ளி வைத்தேன். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. 'எல்லாம் சோதித்தது' என்று ரிஜிஸ்டரில் கையெழுத்தும் போட்டேன்.

அதே வாரம் மற்ற ஷிப்டில் இருந்தவர்கள் 'மிஷின் ஓடவில்லை' என்று உள்ளதை எழுதியிருந்தார்கள். அவர்கள் அனுப்பியதெல்லாம் இப்போது லிஸ்டில் வந்துவிட்டது. என்னுடையது மட்டும் வரவில்லை. லிஸ்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று போனில் 'எடுக்காதீங்க' என்றேன். 'லிஸ்ட்ல இல்லையே' என்று சிரித்தீர்கள். அடுத்த வார்த்தை சொல்லியிருந்தால் பச்சமுத்து அண்ணன் இன்று நடந்துகொண்டிருப்பார். நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவ்வளவுதான் நைனா, வேறு காரணம் இல்லை.

நூற்று நாற்பதில் உங்களுடையது ஒன்று. மற்றதெல்லாம் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. ரோட்டில் ஹாரன் கேட்டாலே வாசலுக்கு ஓடி எந்த மாடல் என்று பார்க்கிறேன். கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிடட்டுமா? சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

செல்வராணி


செஞ்சி,
3.9.2025

ராணி,

உன் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். முதல் நாள் உன்மேல் இருந்த கோபத்தில் சோறு இறங்கவில்லை. மறுநாள் உன்னை நினைத்த பயத்தில் இறங்கவில்லை.

நேற்று ஸ்டேஷனுக்குப் போய், பிரேக்மேல் குறை இல்லை, நான்தான் கண் அசந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஐம்பத்திரண்டு ஆகிறது, லைசென்ஸ் போனால் போகட்டும். இருபத்து மூன்று வயசில் உன்மேல் கேஸ் வந்தால் எந்தக் கம்பெனி உன்னை உள்ளே விடும்? வாயைத் திறக்காதே. மற்ற வண்டி மற்றவர் பாடு. என்மேல் சத்தியம்.

நைனா


ஒரகடம்,
7.9.2025

அன்புள்ள நைனா,

'மற்ற வண்டி மற்றவர் பாடு' என்பதை நீங்கள்தான் எழுதினீர்களா என்று அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உங்கள் கையெழுத்துதான். எனக்காக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் சத்தியத்தை மீறிவிட்டேன். ஒரு நகலை வண்டி நிற்கும் ஸ்டேஷனுக்கும் தபாலில் அனுப்பிவிட்டேன், நீங்கள் கண் அசரவில்லை என்று. வசந்தா மேடம், "என்னையும் சேத்து எழுதிட்டியேடி" என்று அழுதார். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை 27ஆம் தேதி சனிக்கிழமை முடியும்வரை ஹாஸ்டலில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம். பச்சமுத்து அண்ணன் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

செல்வராணி


செஞ்சி,
24.9.2025

ராணிக்கு,

எழுதாமல் இருந்தது வீம்புதான். பேனாவை எடுத்தால் திட்டாகவே வந்தது, வைத்துவிட்டேன்.

நேற்று ஷோரூம் பெண் போன் செய்தது. "சார், உங்க வண்டி இப்ப லிஸ்ட்ல வந்துடுச்சு. மொத்தம் நூத்தி நாப்பது வண்டி சேத்துருக்காங்க. எடுத்துட்டு வாங்க." வண்டி ஸ்டேஷனில் நிற்கிறதம்மா என்றேன். ஸ்டேஷனிலும் கூப்பிட்டார்கள், பொய்யாக எழுதிக் கொடுத்ததற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். லைசென்ஸ் வரும் போலிருக்கிறது.

பச்சமுத்துவுக்குக் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். ஊன்றி நடக்க ஆறு மாசம் ஆகும் என்கிறார் டாக்டர். தினமும் போகிறேன். தன் இட்லியில் ஒன்றை எனக்குக் கொடுக்கிற அளவுக்குப் பழகிவிட்டான். நேற்று அவனே கேட்டான். "யாரோ ஒரு பொண்ணு பாக்காமயே பாத்ததா எழுதிட்டாளாமே, போலீஸ்காரர் சொன்னாரு. எந்தூரு பொண்ணு அது?"

என் பொண்ணுதான்யா என்றேன்.

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் பொண்டாட்டி வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். நானும் கேட்டேன். வாட்ச்மேன் வெளியே போகச் சொல்லும்வரை அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். இன்றும் போனேன். சுவர்ப் பக்கமே கிடந்தான்.

வேலை இருக்கிறதோ இல்லையோ, சனிக்கிழமை கிளம்பி வா. செஞ்சி பஸ் ஏறாதே, விழுப்புரம் பஸ் ஏறு. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன். வார்டுக்குள் நீதான் முதலில் போகவேண்டும். நான் கூடவே வருகிறேன்.

உன் நைனா,
பால்சாமி