மூன்றாவது தாளில் உள்ள சன்னல்

கருக்களாச்சேரி
12.6.1988

சலோமியின் அம்மாவுக்கு,

இது என் கையெழுத்துதான், நம்பு. முதியோர் பள்ளியில் சேர்ந்தபின் நான் எழுதும் முதல் கடிதம். காலையில் ஆரம்பித்தேன், வெயில் சாய்ந்துவிட்டது.

மகள் தன் அலுவலகக் கம்ப்யூட்டரில் வரைந்த நம் புது வீட்டுப் படம் வந்தது. மூன்று தாள்கள்.

"மூணு வீடு எதுக்குடா?" என்று பதறினேன்.

கொத்தனார் அற்புதராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, வீடு ஒண்ணுதான். அடுப்படி சன்னல்தான் எடம் மாறுது. புடிச்சத எடுத்துக்குங்க."

மையால் வரைந்த பழைய படத்தைப் பார்த்து நீ கடல் பக்கம் சன்னல் கேட்டாய். ஒரு கோட்டை மாற்றினாலும் முழுப் படத்தையும் திரும்ப வரைய வேண்டும், வரைகிறவர் முடியாது என்கிறார் என்றேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளிடம் போய்விட்டாய்.

உண்மையைச் சொல்கிறேன். அவரிடம் நான் கேட்கவே இல்லை.

முன்பு படம் வந்தால் அதுவே முடிவு. இப்போது படமே வந்து எது வேண்டும் என்று கேட்கிறது. எனக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. அதுவும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது தாளை எடுத்துக்கொண்டேன். அதில் சன்னல் கடலைப் பார்க்கிறது. புதன்கிழமை வைக்கிறார்கள்.

"அத்தை ஒசரம் என்னங்க மாமா? சன்னல் அவங்க கண்ணுக்கு நேரா இருக்கணுமே" என்று அற்புதராஜ் கேட்கிறான். மூன்று தாளிலும் தேடிவிட்டேன், அது மட்டும் இல்லை. நீ வந்து நின்று காட்டு.

இப்படிக்கு,
இனிக் கைநாட்டு வைக்காத உன் வீட்டுக்காரன்