பம்பாய்க்குப் போன கருப்பட்டி

1977 அக்டோபர் 19

இன்று என் சாம்ராஜ்யத்தில், அதாவது நாலு மிளகாய்ச் சாக்கும் ஒரு தராசும் உள்ள இந்தப் பலசரக்குக் கடையில், வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. காலையில் ஒருத்தி உப்பு வாங்கிப் போனாள். மாலையில் அவளே வந்து, உப்பு ஈரமாக இருக்கிறதென்று திருப்பிக் கொடுத்தாள்.

முத்துக்கனியிடமிருந்து இன்லண்டு லெட்டர். என் தங்கச்சி மகள். தங்கச்சி போன பிறகு இந்த மகாராஜா கையில் வளர்ந்தவள். இப்போது பம்பாயில் கடைக்காரன் பெண்டாட்டி. தை மாதம் பேறுகாலம். முதல் பேறுகாலம் பிறந்த வீட்டில்தானே என்று புரட்டாசியிலேயே கட்டிலுக்குப் புதுக்கயிறு போட்டு வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை செல்வதுரை எழுதச் சொன்னாராம்: மழைக்காலம், ஆஸ்பத்திரி தூரம், வீட்டில் பெண் துணை இல்லை, இங்கேயே பார்த்துக்கொள்கிறோம். நியாயம்தான். ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். அதுதான் எரிச்சல்.

ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி: “மாமா, நம்ம அடுப்புப் பரண் கருப்பட்டி அனுப்புங்க. இங்க வாங்குறதுல புகை வாசமே இல்ல. பிள்ளை பெத்த பிறகு மருந்துக்கும் அதுதான் வேணும்.”

உடனே பதில் போட்டேன். பார்சலுக்கு ஏழு யானை பூட்டிய ரதம் தயார். மழையில் தேரிச் செம்மணல் கரைந்து கடலே சிவந்துபோனது. நேற்று ஒரு திமிங்கலம் கடை வாசலுக்கு வந்து தீப்பெட்டி கேட்டது. இப்படி எழுதினால்தான் அவளுக்குப் பிடிக்கும். சின்னப் பிள்ளையிலேயே சொல்வாள்: “மாமா சொல்லுததப் பத்தால வகுக்கணும். மிஞ்சுறதுதான் நெசம்.” வகுத்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 27

பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் பேறுகால மருந்து கிளறிக் கொடுத்தாள். சுக்கு, மிளகு, ஓமம், நல்லெண்ணெய். தெருவே மணத்தது. நான் பரணில் இருந்து கருப்பட்டியை இறக்கி, ஓலைக் கொட்டானில் அடுக்கி, வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்தேன். கப்பலுக்குப் பாய் தைக்கிறவன் பார்த்தால் தொழிலை விட்டிருப்பான்.

செல்லத்தாய் சொன்னாள்: “இது பார்சலா, பெருச்சாளியப் பிடிச்சு உள்ள வச்சுத் தச்சியளா? ஏ அண்ணாச்சி, இந்த அடமழையில எவனாவது பரண்ல இருந்து கருப்பட்டிய இறக்குவானா? ரெண்டு வெயிலு அடிக்கட்டும்.”

தெரியாதா எனக்கு? பனங்காட்டில் பிறந்தவன். அடுப்புச் சூட்டை விட்டு இறக்கினால் ஐப்பசி ஈரத்தில் கருப்பட்டி வேர்க்கும். தெரியும். ஆனாலும் வெயில் வரும் வரை பொறுக்க என்னால் முடியாது. அங்கே அவள் கேட்டுவிட்டாள்.

நவம்பர் 2

பார்சலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சாத்தான்குளம் போனேன். இறங்கும்போது வேட்டியும் பார்சலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

போஸ்ட்மாஸ்டர் ஆவுடையப்பன் ஆழ்வார்திருநகரிக்காரர், ஆற்றுத்தண்ணீர் குடித்து வளர்ந்த நிதானம். “ராஜதுரை அண்ணாச்சி, ஒழுகுதே.”

“ஒழுகவில்லை ஐயா. பம்பாய்க்கு வழி பார்க்கிறது.”

“விலாசம் எங்க?”

விலாசம் பாகோடு பாகாகப் போயிருந்தது. என் விரலில் கொஞ்சம் இருந்தது.

“சாக்குல நாலு கல்யாணப் பத்திரிகை கெடக்கு அண்ணாச்சி. இதப் போட்டா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். எறும்பத் தபால்ல அனுப்ப விதியும் இல்ல. தகர டப்பால அடச்சு ஈயம் பத்தவச்சுக் கொண்டாங்க.”

வரும் வழியில் விரலை நக்கினேன். நல்ல புகை வாசம். பரண் ஏணியில் ஏறித் திருடித் தின்றுவிட்டு, வாயெல்லாம் கறுப்பாக, “பூனை தின்னுட்டு மாமா” என்பாள். என் வளர்ப்பு.

நவம்பர் 8

டப்பா தயார். ஈயம் பற்றவைக்கிறவனை வீட்டுக்கே கூட்டிவந்து, அடுப்படியிலேயே உட்காரவைத்து, பரணில் மீதி இருந்த கருப்பட்டியைச் சூடு ஆறுமுன் மருந்தோடு வைத்து, காய்ந்த உமி திணித்து அடைத்தோம். செல்லத்தாய் தலைமையில் யுத்தம். விலாசம் பச்சைப் பெயின்டில். இனி பிரளயம் வந்தாலும் டப்பா மிதந்து பம்பாய் போய்ச்சேரும்.

பிரளயம் வந்துவிட்டது. கருமேனி ஆற்றுத் தரைப்பாலத்துக்கு மேல் இடுப்பளவு தண்ணீர். பஸ் கிடையாது.

நவம்பர் 10

டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு பெரியதாழைக்கு நடந்தேன். அங்கே மீன்பிடிக்கிற மரியானுக்கு வள்ளம் இருக்கிறது. மணப்பாடு வரை கடல் வழியாகக் கொண்டுபோய்விட்டால் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம்.

மதியம் வரை இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேலே தார்ப்பாய், நடுவில் டப்பா. கடைசியில் மரியான் எழுந்தான். “கடலு கருத்துக் கெடக்கு அண்ணாச்சி. கருப்பட்டிக்காவ வள்ளம் தள்ள மாதா சம்மதிக்க மாட்டா.”

“கருப்பட்டிக்காக இல்லலே மரியான்” என்றேன். வேறு எதற்காக என்று சொல்ல வரவில்லை. வாயாடி ராஜதுரைக்கு! அவன் டப்பாவைத் திரும்பத் தூக்கி என் தலையில் வைத்தான்.

நவம்பர் 11

தபால்காரர் மட்டும் பையைத் தலையில் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறார். கடிதம் கொண்டுபோவாராம். டப்பா முடியாதாம். சரி.

ஒரு கார்டு எழுதினேன். “முத்துக்கனிக்கு. மழை பெய்கிறது. ரோடு இல்லை. பார்சல் அனுப்ப முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். மாமா.”

பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்து பார்த்தேன். ஒரு யானைகூட வரவில்லை.

நவம்பர் 12

மழை.

நவம்பர் 21

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. டப்பாவோடு நடந்தே கடந்தேன். ஆவுடையப்பன் தட்டினார், குலுக்கினார், மோந்து பார்த்தார். “போயிரும்” என்று முத்திரை குத்தினார். எனக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பும்போது கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இத்தனை நாள் டப்பாவாவது வீட்டில் இருந்தது. புதுக்கயிற்றுக் கட்டிலில் வெங்காயச் சாக்கைப் போட்டு வைத்தேன். சும்மா கிடந்தால் கண்ணை உறுத்துகிறது.

நவம்பர் 29

பதில் இல்லை. டப்பா எந்த ஊர் ஸ்டேஷனில் கிடக்கிறதோ.

டிசம்பர் 3

எப்படி எழுத? நடந்தபடியே எழுதுகிறேன்.

மண்ணெண்ணெய் அளந்துகொண்டிருந்தேன். வாசலில் வில்வண்டி. பெட்டி இறங்குகிறது. பெட்டிக்குப் பின்னால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வயிறும் தானுமாக — முத்துக்கனி. மண்ணெண்ணெய் வழிந்து என் காலில் ஓடியது.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எங்க மாமா வலிக்கி? நெஞ்சா?”

“ஏளா, எனக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன்.”

“அப்பம் ஏன் அப்படி எழுதினிய? மழை பெய்கிறது, ரோடு இல்லைன்னு! ஒரு திமிங்கலம் உண்டா, ஒரு யானை உண்டா? பத்தால வகுத்துப் பாத்தேன் மாமா. ஒண்ணுமே மிஞ்சல. ஆளு படுத்துட்டாருன்னு பயந்துட்டேன்.”

மாப்பிள்ளை தடுத்தாராம். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து சம்மதம் வாங்கி, ஊருக்கு வந்த உடன்குடிக்காரக் குடும்பத்தோடு ரயிலேறிவிட்டாள். எட்டு மாதத்தில்! திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். “ஏளா, ஒன் பார்சலு இப்பம் பம்பாய்க்குப் போய்க்கிட்டிருக்குளா” என்றுதான் வந்தது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டுச் செல்லத்தாய் ஓடிவந்தாள். வந்தவள் முதலில் கட்டிலில் இருந்த வெங்காயச் சாக்கைத் தள்ளினாள்.

1978 ஜனவரி 19

சாத்தான்குளம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். தரைப்பாலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குழந்தை பிறந்ததும் போட்ட சத்தத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் நங்கூரம் அறுத்துக்கொண்டு போனதாகக் கேள்வி.

செல்லத்தாய் புதிதாக மருந்து கிளறுகிறாள்.

பிப்ரவரி 26

செல்வதுரை எழுதியிருக்கிறார். “டப்பா மார்கழியிலேயே வந்தது. அவள் கை வைக்கட்டும் என்று பிரிக்காமல் வைத்திருந்தேன். நேற்றுப் பிரித்துவிட்டேன். கருப்பட்டி கல்லுபோல இருக்கிறது. காப்பியில் போட்டால் வீடு முழுக்க உங்கள் வீட்டு வாசம் அடிக்கிறது. வீட்டில்தான் ஆள் இல்லை. அவர்களை எப்போது அனுப்புகிறீர்கள்?”

பாவம். நல்ல பையன். பங்குனி கடைசியில் நானே கொண்டுபோய் விடத்தான் வேண்டும். விடுவேன்.

வாசலில் மிளகாய் காய்கிறது. வானத்தில் ஒரு பஞ்சு கிடையாது. பஸ் காலையில் மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே பதில் எழுதினேன்: “மாப்பிள்ளைக்கு. இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. பஸ் கடலில் மிதக்கிறது. ரோட்டை அடைத்துக்கொண்டு இரண்டு திமிங்கலங்கள் படுத்திருக்கின்றன. ஒரு பார்சலும் நகராது.”

முத்துக்கனி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். பிறகு, “ரெண்டு திமிங்கலம் போதுமா மாமா?” என்றாள்.

மூன்றாக்கினேன்.