இருமாதே, பறவை பறந்துவிடும்

சின்னவா,

உன் சப்பாத்துப் பையை இன்றைக்குத்தான் அவிழ்த்தேன். அழுகிய நாணலும் சேறுமாக ஒரு வாடை. இத்தாலியில் சீசா என்ற பகுதியில் உள்ள இந்தச் சின்ன வீடு முழுக்க இப்போது நீ செத்த இடத்தின் மணம். கழுவ மாட்டேன். இந்த வாடை இருக்கட்டும், என் கோபமும் இருக்கட்டும்.

நான் வீட்டு வேலை செய்த இத்தாலிய முதலாளி, சிஞ்ஞோர்தான் உன்னைச் சமையலுக்குக் கூட்டிப்போனார். ஆப்பிரிக்காவில் வெளியார் அதிகம் கால் வைக்காத சதுப்பு நிலத்துக்குப் பறவை பார்க்க ஆட்களைக் கொண்டுபோவது அவருடைய தொழில். முதல் பயணம் முடிந்து வந்து நீ சொன்ன கதைக்கு வயிறு நோகச் சிரித்தேன்.

"அக்கா, மன்னாரிலை கருவாடு காயப்போட்டிட்டு நாங்கள் கல்லெறிஞ்சு கலைச்சதுகளை, இவங்கள் கண்ணாடி வைச்சுக் கும்பிடுறாங்கள். குருவி வந்தா நான் வெங்காயம் தாளிக்கவும் ஏலாதாம்!"

அடுத்த பயணத்தில் நீ போனில் பதிந்து அனுப்பிய குரல் மட்டும் வந்தது. சிக்னல் கிடைத்து அது என்னிடம் வந்து சேர்ந்தபோது நீ உயிரோடு இல்லை. கிசுகிசுத்திருந்தாய்.

"அக்கா, காய்ச்சல் கொதிக்குது. படகைத் திருப்பச் சொன்னன். அந்தப் பெரிய அலகுப் பறவை இன்னும் வரேல்லை, பொறு எண்டுறார். இருமவும் விடுறாரில்லை, பறந்திடுமாம்."

பறவை வந்தது. அந்தப் படம் அவர் வீட்டுச் சுவரில் பெரிதாகத் தொங்குகிறது. என் பெர்மெசோ, இந்த நாட்டில் தங்கும் அனுமதி, அந்த வேலையை நம்பி இருந்ததால் நான்தான் அதற்குத் தூசி துடைத்தேன்.

உன் ஆண்டுப் பூசைக்கு அவர் தவறாமல் வருவார். எங்கடை ஆட்களுக்கு வேலை எடுத்துக் கொடுப்பவர் என்று கோயிலில் அவருக்கு முன்வரிசை வாங்கு. ஒரே ஒரு தமிழ் வசனம் பாடமாக்கி வைத்திருக்கிறார். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரையும் விடச் சத்தமாகச் சொல்லுவார்.

போன ஞாயிறு உன் ஆண்டுப் பூசையில் மன்றாட்டுச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். வாசக மேடையில் ஏறினேன்.

"எங்கள் சிஞ்ஞோருக்காக. என் தம்பியைக் காய்ச்சலோடு படகில் கிடத்தி, இருமவும் விடாமல் பறவை பார்த்தவர் அவர். அவருக்கு மூச்சு முட்டும் நாளில், பக்கத்தில் நிற்பவர்கள் 'பொறு' என்று சொல்ல வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

பழக்கதோஷம். கோயிலே சேர்ந்து சொன்னது, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." அவர் குரல்தான் உரத்துக் கேட்டது.

பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. வாசலில் மரியம்மா அக்கா என் கையைப் பிடித்து உலுக்கினா.

"என்னடி, கோயிலுக்கை நிண்டு சாபம் போடுறாய்?"

"சாபமில்லை அக்கா, மன்றாட்டு. நீங்களும்தானே சேர்ந்து சொன்னனீங்கள்."

தனக்காக என்ன வேண்டினேன் என்று சிஞ்ஞோர் சிரித்தபடி கேட்டார். இத்தாலியனில் ஒரு சொல் விடாமல் சொன்னேன். முகம் வெளுத்தது. "அவன் சிரித்துக்கொண்டுதான் கிடந்தான், காய்ச்சல் அவ்வளவு கடுமை என்று தெரியாது" என்றார். மறுநாள் வேலையும் போய்விட்டது. போகட்டும். அந்த மன்றாட்டை நான் திருப்பி எடுக்க மாட்டேன்.

அந்தப் படகிலும் நீ சிரித்திருப்பாய் என்பதுதான் என்னைக் குடைகிறது. ஒருவரையும் நோகடிக்கத் தெரியாதவன் நீ. அன்றைக்கு அந்த வாங்கில் இருந்திருந்தால், சின்னவா, நீயும் எல்லோரோடும் சேர்ந்து சொல்லியிருப்பாயா, என் வாயைப் பொத்தியிருப்பாயா?