ஒரே வாசல் வைத்த வீடு

என் பிரியமான அப்பா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கூடத்தின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுபோய் வைத்தேன். நேற்று நல்ல மழை. நீங்கள் கட்டிய தளம் வழக்கம்போல மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. கட்டிலில் இருந்தபடியே அம்மா கேட்டாள்: "ஏத்தா, உங்க அப்பாவோட நவீனம் இன்னைக்கும் சொட்டுதா?"

சிரித்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சிமெண்டுச் சட்டியோடு மாடிக்கு ஏறியிருப்பீர்கள்.

நீங்கள் போன பிறகு வீட்டில் எதுவும் மாறவில்லை. இப்போதுதான் மாறப் போகிறது. தம்பியின் கம்பெனி அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. கோயம்புத்தூரை விட்டு ஊருக்கே வந்துவிடப் பார்க்கிறான். இந்த வீட்டைக் கொஞ்சம் மாற்றி, ஊர் பார்க்க வருகிறவர்கள் தங்குகிற இடமாக நடத்த வேண்டும் என்கிறான். முன்பக்கம் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, இடித்த பெரிய வீடு ஒன்றிலிருந்து வாங்கிய செதுக்கல் வாசல்நிலை. ஒரு செதுக்கல் கூட இருக்கக் கூடாது என்று நீங்கள் கட்டிய வீட்டுக்கு!

உங்களுக்கு ஏன் அந்தப் பிடிவாதம் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு முறைதான் சொன்னீர்கள். சின்ன வயதில் நீங்கள், ஒரு பெரிய வீட்டில் தச்சு வேலை செய்த உங்கள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவீர்கள். அந்தப் பெரிய வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்வாசல் நிலையைச் செதுக்கியவர் உங்கள் அப்பா. ஆனால் நிலை நின்று, வீட்டுக்காரர்கள் பால் காய்ச்சிக் குடிவந்த பிறகு அவருக்கும் அவருடைய சோற்றுக்கும் பின்தெருதான் வழி.

பிறகு நீங்கள் படித்து, அரசாங்க வேலையில் வரைபடம் போடுகிறவரானீர்கள். சொந்த வீடு கட்டும்போது நேர்கோடுகளாகவே போட்டீர்கள். ஒரு கூடம், ஒரே மாதிரி நாற்காலிகள், ஒரே வாசல். பின்வாசல் கிடையாது. இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வீட்டை யார் கட்டுவார்கள்? மீன் கழுவிய தண்ணீரைக்கூட விருந்தாளிகள் பார்க்கக் கூடத்தைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போன அம்மாவைக் கேளுங்கள். "பேப்பர்ல கோடு போடுறவுகளுக்கு மீன் நாத்தம் தெரியுமா?" என்று இன்றைக்கும் பொருமுகிறாள்.

கவிதையிலும் உங்களுக்கு அதே ருசிதான். எதுகை மோனை இல்லாத கவிதைகளைத் தேடிப் படிப்பீர்கள். "தூண் இல்லாம நிக்குது பாரு" என்பீர்கள். அப்போது எனக்கு அது புரியவில்லை.

இப்போது கல்லூரியில் நவீனத்துவமும் பின்நவீனத்துவமும் என் பாடம். நவீனத்துவத்தை விளக்க உங்கள் வீட்டைத்தான் சொல்வேன். பழையதை உதறிவிட்டு, மனிதன் தன் அறிவால் புதிதாக, சமமாக ஒன்றைக் கட்டிவிட முடியும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் எழுதிய கதைகளில் வரும் ஆட்கள் உங்களைப் போலவே கொஞ்சம் தனியானவர்கள், ஊரோடு ஒட்டாதவர்கள்.

"அப்ப பின்நவீனத்துவத்துக்கு எந்த வீடு மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பைபாஸ் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் ஹோட்டலைச் சொன்னேன். வலையபட்டியில் இடித்த வீட்டுத் தூண், பக்கத்தில் கண்ணாடி லிஃப்ட், கோபுரம் மாதிரி ஒரு தண்ணீர்த் தொட்டி, சுவரில் யாரென்றே தெரியாத ஒரு குடும்பத்தின் கல்யாண போட்டோ. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஒரே உண்மை, ஒரே குரல் என்பதைச் சந்தேகப்பட்டதால்தான் இதுவரை பேசாதவர்களின் கதைகளும் எழுத்துக்குள் வந்தன என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி லேப்டாப்பைத் திறந்து, மாற்றப் போகும் வீட்டின் படத்தை எனக்கும் அம்மாவுக்கும் காட்டினான். "அப்பா இதுக்காடா கட்டுனாக?" என்றேன்.

"அக்கா, நீதானே கிளாஸ்ல சொல்லிக் குடுக்குற? மையம்னு ஒண்ணு கிடையாது, எதையும் எதோடயும் கலக்கலாம்னு. வீட்டுக்கு வந்தா மட்டும் ஒரே அப்பா, ஒரே கோடா?"

அவன் விடவில்லை.

"ஸ்கூல்ல என்னயத் தீப்பெட்டி வீட்டுக்காரன்னு கூப்புடுவாய்ங்க. உனக்குத் தெரியாது. அந்தத் தூணெல்லாம் செதுக்குனது யாரு? நம்ம தாத்தா. செஞ்சது நாம, வச்சிருந்தது அவுக. இப்ப நம்ம வீட்டு முன்னால ரெண்டு தூண் நின்னா அது தப்பாக்கா?"

அப்பா, இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? வாசலில் நிறுத்திவைத்த ஊரை உதறுவதற்காக எல்லாச் செதுக்கலையும் உதறினீர்கள். அதோடு சேர்ந்து உங்கள் அப்பாவின் கை வேலையும் நம் வீட்டுக்குள் வராமலே போனதே, அதை நினைத்ததுண்டா? ஹோட்டல்காரர் நிறுத்திய தூண் வேறு, தம்பி நிறுத்தப் போகும் தூண் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்பதும் தெரிகிறது.

நான் கிட்டத்தட்ட சரி என்று சொல்லியிருப்பேன். அப்போதுதான் படத்தின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு கதவைப் பார்த்தேன்.

"இது என்னடா?"

"சர்வீஸ் என்ட்ரி. முன்னால கெஸ்ட்டு காபி குடிச்சுக்கிட்டு இருக்கையில சமையக்காரம்மா குப்பைக் கூடையோட குறுக்க போனா நல்லாவாக்கா இருக்கும்? எல்லா எடத்துலயும் உள்ளதுதான்."

அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். "அம்மா, ஆயுசு பூராக் கேட்டீகளே, பின்வாசல். ஒருவழியா வருது, சந்தோசமா?"

அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"கேட்டேன்தான். நாங் கேட்டது எனக்கு, மீன் கூடையத் தூக்கிக்கிட்டு நானா அங்குட்டுப் போக. நீங்க போடுறது இன்னொருத்தி இங்குட்டு வந்துறக் கூடாதுன்னுல்ல."

தம்பி முகம் சுருங்கிப்போனது. அவன் கெட்டவன் இல்லை, அப்பா. தூண் விஷயத்தில் அவ்வளவு நியாயம் பேசியவனுக்கு அந்தச் சின்னக் கதவு கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். "அது இல்லாம எவன்மா தங்க வருவான்? நானும் பிழைக்கணும்ல?" என்று மெதுவாகச் சொன்னான். அதுவும் உண்மைதான்.

கொத்தனார் வந்து பின்சுவரில் கதவு வரும் இடத்தில் கரிக்கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நாளைக்கு என் முடிவைச் சொல்ல வேண்டும். வீடு எங்கள் இருவர் பேரிலும் இருப்பதால் என் சம்மதம் இல்லாமல் தம்பி ஒரு செங்கலைக்கூடத் தொட மாட்டான்.

எனவே இதை முதலில் உங்களிடம் சொல்கிறேன். அம்மாவுக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. தூண்களுக்குச் சரி என்று சொல்லப் போகிறேன். நீங்கள் வருத்தப்படுவீர்கள். படுங்கள். தாத்தா செதுக்கிய மாதிரி ஒரு நிலை நம் முன்வாசலில் நிற்கட்டும், அதன் வழியாக எல்லோரும் வந்து போகட்டும். பின்சுவரை உடைக்க மட்டும் நான் சம்மதிக்கப் போவதில்லை. தம்பி பிழைக்க வேண்டும் என்பதால், லீவு நாட்களில் வருகிறவர்களை நானே வாசலில் நின்று வரவேற்கப் போகிறேன். சமையல்காரம்மா கூடையோடு வரும்போது, காபி குடிக்கிறவர் காலை மடக்கிக்கொண்டு அவருக்கு வழி விடட்டும். விட மனமில்லாதவருக்கு ஊரில் வேறு ஹோட்டல்கள் இருக்கின்றன.

நான் இருக்கும்வரை இந்த வீட்டுக்கு ஒரே வாசல்தான், அப்பா.

உங்கள் பேச்சைப் பாதி கேட்கும் மூத்த மகள்,
விசாலாட்சி