மூன்று பத்திப் படம்

மார்ச் 4

கெட்டுப்போன இறைச்சி விற்ற ஐந்து கடைகளுக்குச் சீல். நாளிதழில் நான் பார்க்கும் நகரப் பக்கத்துக்கு அதுதான் தலைப்புச் செய்தி. புகைப்படக்காரர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பழைய படங்களில் தேடி ஓர் இறைச்சிக் கடையை எடுத்து மூன்று பத்தி அகலத்துக்குப் போட்டேன். தலைப்பு ஒரு வரி கூடிவிட்டது. இடம் பற்றாமல், படம் பழையது என்று சொல்லும் ‘கோப்புப் படம்’ என்ற வரியை நானே எடுத்தேன்.

மார்ச் 5

காலையில் மாமியார் பேப்பரை விரித்து, “இந்தாளு கடையிலதானே போன மாசம் வாங்கினோம்? நல்லவேளை, தப்பிச்சோம்” என்றார்.

படத்தில் கடைக்காரர் கத்தியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு வருடம் முன்பு விலை உயர்வுச் செய்திக்காக எடுத்த படம். சீல் வைத்த ஐந்தில் இவர் கடை இல்லை. ‘அத்தை, இவர் இல்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை?

மார்ச் 7

திருத்தம் வந்தது. ஏழாம் பக்கம், அடி மூலை, மூன்று வரி. தவறு எந்தப் பக்கத்தில் வந்தாலும் திருத்தம் அந்த மூலையில்தான். எங்கள் வழக்கம்.

மார்ச் 10

கடைக்காரரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. உட்காரவும் இல்லை.

“அஞ்சு நாளா மனுஷன் ஈ ஓட்டிட்டு இருக்கார். தெரிஞ்சவங்களே எதிர்ப் பக்கமா நடந்து போறாங்க. திருத்தம் போட்டீங்களாம். வீட்டுல நாலு பேரு தேடியும் கண்ணுல படல.”

ஆசிரியரிடம் போனேன். திருத்தத்துக்கு அதே பக்கம், அதே அளவு கேட்டேன். “ஒருத்தருக்குப் போட்டா எல்லாரும் இதையே கேப்பாங்கம்மா. விட்டுடுங்க” என்றார். ‘கோப்புப் படம்’ வரியை எடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 11

எடுத்தது நான். என் பேரு அந்தப் பக்கத்துல எங்கயும் இல்ல. அவர் மூஞ்சி மட்டும் இருக்கு. இது என்ன நியாயம்?

மார்ச் 12

நாலரைக்கு ஆசிரியர் நகரப் பக்கத்தைப் பார்த்துச் சரி சொன்னார். ஐந்தரைக்கு அதன் மேல்பாதிச் செய்திகளை எடுத்துவிட்டேன். அதே படம், அதே மூன்று பத்தி. ‘இவர் கடையில் எந்தக் குறையும் இல்லை. தவறு என்னுடையது.’ கீழே என் பெயர்.

பக்கம் வடிவமைக்கும் பெண், “அக்கா, உங்க வேலைக்கு நீங்களே உலை வெச்சுக்காதீங்க” என்றாள்.

“யாராவது கேட்டா உனக்குத் தெரியாதுன்னு சொல்லிடு.”

அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 13

நகரப் பக்கம் இனி எனக்கில்லை. இனி வானிலையும் ரயில் நேரமும்தான். பதினாறு வருடம் பார்த்த பக்கம். அழுதேன், கழிப்பறையில்.

மார்ச் 14

மாமியார் பேசவில்லை. பதவி போனதற்கா, இத்தனை நாள் மறைத்ததற்கா? கேட்கப் பயமாக இருக்கிறது.

மார்ச் 21

மழைக்கு வாய்ப்பு என்று போட்டேன். வெயில் கொளுத்தியது. இதற்குத் திருத்தம் கேட்டு ஒருவரும் வரமாட்டார்.

மாலையில் அந்தக் கடைக்குப் போனேன். அவருக்கு என் முகம் தெரியாது. அரை கிலோ கேட்டேன்.

“உங்களுக்கு முன்னாடி மூணு பேரு இருக்காங்கம்மா. கொஞ்சம் நில்லுங்க” என்றார்.

நின்றேன்.