எனக்குப் பதிலாகப் போன சாட்சி

நேற்று தபால்காரர் உன் பெயரில் ஓர் உறை கொண்டுவந்தார். பழுப்பு நிறம், மேலே தொழிலாளர் நீதிமன்றத்தின் முத்திரை. "அட்ரஸ் உங்க ஊட்டு அட்ரஸ்தாங்க்கா, ஆளு யாரு?" என்று கேட்டார். ஊருக்குப் புதியவர். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் விசாரணையாம், நீ தவறாமல் ஆஜராக வேண்டுமாம். அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். பொங்கி வழிந்து தீய்ந்த நாற்றம் வந்த பிறகுதான் எழுந்தேன்.

என் வீட்டு விலாசத்தைக் கொடுத்தது நீதான். உன் அண்ணன் வீட்டுக்குக் கடிதம் போனால் கிழித்துப் போட்டுவிடுவார் என்று உனக்குப் பயம். "கம்பெனிக்காரன்கிட்ட மல்லுக்கு நின்னா நாளைக்கு நம்மூரு பொம்பளைங்க ஒருத்தியக்கூட வேன்ல ஏத்த மாட்டான்"னு அவர் தெருவில் நின்று கத்தியது எனக்கும் கேட்டது.

இறால் கம்பெனியில் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக மூன்று வருடம் நின்றோம். ஐஸ் தண்ணீரில் கை விட்டு ஓடு உரித்து உரித்து விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். டவுனிலிருந்து வரும் பெண்களுக்குக் கையுறை உண்டு. ஏரிக்கரை ஊர்க்காரிகளான நமக்குக் கிடையாது. "நீங்க மீன்லயே பொறந்தவங்க, உங்களுக்கு எதுக்கு கிளவுஸு?" என்பார் சூப்பர்வைசர். நாங்களெல்லாம் பல்லை இளித்துக்கொண்டு நின்றோம். நீ மட்டும்தான், "எங்க கையும் தோலுதான் சார்" என்றாய். அவர் உன் விரலைப் பார்த்தார். புண் வைத்த கையோடு இறாலைத் தொடக் கூடாது என்று சொல்லி, உன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டு வெளியே அனுப்பினார். மறுநாள் வேன் உனக்காக நிற்கவில்லை. நீ லேபர் ஆபீஸில் மனுப் போட்டதும் கம்பெனி பதில் எழுதியது: தானாகவே வேலையை விட்டு நின்றுவிட்டார்.

பொன்னேரியில் இலவசச் சட்ட உதவிக்கென்று உட்கார்ந்திருக்கும் வக்கீலம்மாவிடம் நாம் சேர்ந்துதான் போனோம். "பாத்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று அவர் கேட்டதும் நீ என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாய். "இவதாம்மா. எனக்கு எதுக்கால நின்னா." திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சொன்னதை இப்போதும் அப்படியே சொல்வேன்: "வேல கெடைக்குதோ இல்லியோ, நானா நின்னேன்னு எழுதி வெச்சிருக்கான் பாரு, அத அழிக்கணும்டி."

சாட்சி சொல்ல வேண்டிய தேதியும் எங்கள் வீட்டுப் பாடும் ஒரே நாளில் வந்தன. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டு எடுத்து வைத்த முறை அது. விட்டால், ஊர் முழுக்கச் சுற்றித்தான் திரும்ப வரும். கரையில் நின்று இறாலைத் தரம் பிரித்துக் கொடுக்க நான் வேண்டும். ஆனால் பாட்டை மாற்றிக்கொள்ளும் வழக்கமும் நமக்குள் உண்டு. இன்றைக்கு நீ போ, உன் முறைக்கு நான் போகிறேன் என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கோர்ட்டும் அப்படித்தான் என்று இந்த மண்டைக்கு யார் சொன்னார்களோ, நம் வேனில் வரும் கன்னியம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்து, எனக்குப் பதிலாக அவளை அனுப்பினேன். பயம் இருந்ததா என்று நீ கேட்கவே இல்லை. இருந்தது. அதே கம்பெனியில் நான் மறுநாளும் போய் நிற்க வேண்டுமே.

அன்று சாயங்காலம் கன்னியம்மாதான் கரைக்கு வந்து சொன்னாள். கம்பெனி வக்கீல், "நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டாராம். இவள், "நான் பேக்கிங்க்ல இருந்தங்க, பாக்கல. பாத்தவளுக்கு இன்னிக்கிப் பாடு. அதான் நான் வந்தேன்" என்றாளாம். டைப் அடிக்கிறவர்கூடச் சிரித்தாராம்.

நீ பின்னாலேயே வந்தாய். முழங்கை வரை சேற்றோடு நான் எழுந்து நின்றேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எறா நல்லா பட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து இறாலைப் பிரிக்க ஆரம்பித்தாய். பெரியது ஒரு கூடை, சிறியது ஒரு கூடை. இருட்டும்வரை பிரித்துக்கொண்டே இருந்தாய். மாற்ற முடிந்தது பாடு, மாற்ற முடியாதது சாட்சி. நான் தலைகீழாகச் செய்தேன். இதை நான் உன்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வக்கீலம்மா திட்டித் தீர்த்துவிட்டு, என்னை விசாரிக்கச் சொல்லி மறுபடி மனுப் போட்டார். இரண்டு தேதிகள் தள்ளிப்போயின. மூன்றாவது வருவதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும், "தேதி வந்துச்சா?" என்றுதான் கேட்டாய்.

இன்று கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு உறையோடு பொன்னேரிக்குப் போனேன். வக்கீலம்மா படித்துப் பார்த்து, "வாரிசு யாராவது கையெழுத்துப் போட்டா கேஸை நடத்தலாம். நீங்க அவங்களுக்கு என்ன உறவு?" என்றார். கூட வேலை செய்தவள் என்றேன். அவர் பேனாவை மூடினார். நேரே உன் அண்ணனிடம் போய்க் கெஞ்சினேன். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை. "செத்தவளுக்கு இன்னாத்துக்கும்மா வேல? வுட்டுரு" என்றார். வேலைக்காக இல்லை என்று எடுத்துச் சொன்னேன். அவருக்கு அது புரியவில்லை. புரிந்துதான் என்ன, அவர் மகளும் இப்போது அதே வேனில்தான் வருகிறாள்.

இனி அந்தத் தேதியில் உன் பெயரைக் கூப்பிடுவார்கள். யாரும் வரவில்லை என்று எழுதிக்கொண்டு கேஸ் கட்டை மூடிவிடுவார்கள். நீயாக நின்றாய் என்ற அந்த வரி அப்படியே உள்ளே இருக்கும். நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கம்பெனியில் இப்போதெல்லாம் மேலிடத்திலிருந்து ஆள் சோதனைக்கு வரும் நாளில் மட்டும் நமக்கும் கையுறை தருகிறார்கள். எனக்கு எதிரே வேறொருத்தி நிற்கிறாள், சின்னப் பெண்.

வக்கீலம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த சாட்சி மட்டும் ஒரு சொல் குறையாமல் என்னிடம் இருக்கிறது. கேட்க ஆள் இல்லாததால் இறாலை உரித்துக்கொண்டே மனதுக்குள் சொல்கிறேன், தினமும், கூண்டில் ஏறி நிற்கிறவளைப்போல: "காலைல பத்து மணி இருக்கும் ஐயா. நான் எதுக்கால நின்னுகினு இருந்தேன். அட்டைய அவர்தான் கழட்டினாரு. அவளா நிக்கலைங்க. நான் பாத்தேன்."