ஒரு அடுப்பு, இரண்டு ஃப்ளாட்

மார்ச் 3, திங்கள்

வெயில். காலையிலேயே கூரைத் தகரம் முறுகத் தொடங்கிவிட்டது. தொண்டை நோ என்று பள்ளிக்கூடம் போகவில்லை. நோவு தொண்டையில் இல்லை, கெமிஸ்ட்ரியில்.

பத்து மணிக்கு ரோட்டுக்காரர்கள் வந்தார்கள். துறைமுகப் பக்கம் போகும் பஸ் மேம்பாலம் எங்கள் தலைக்கு மேலால் போகுமாம். ஆனால் கீழே தலைகள் இருக்கக் கூடாதாம். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைத் தெரு முழுக்க, சுவருக்குச் சுவர் சிவப்புப் பெயிண்டில் நம்பர். நாங்கள் 47.

வீட்டில் நான் மட்டும். அம்மா வெள்ளவத்தையில் புடவைக் கடையில். அப்பாவும் சித்தப்பாவும் துறைமுகத்தில். சித்தி மீன் வாங்கச் சந்தையில். கையில் டெப் கணினி வைத்திருந்த மிஸ் ஒவ்வொன்றாகக் கேட்டார். கீழே அப்பா, அம்மா, நான். மேலே சித்தப்பா, சித்தி, ஏழு வயது ஜூட். "அடுப்பு எத்தனை?"

"அடுப்பு ஒண்டு மிஸ், வாய் ஆறு. அதில என்ர வாய் மூண்டு வாய்க்குச் சமன்."

சிரித்தார். எனக்கு ஜனவரியில் பதினெட்டு முடிந்தது, அடையாள அட்டை இருக்கிறது, ஆகவே என் கையெழுத்துச் செல்லுமாம். டெப்பில் விரலால் போட்டேன். வாழ்க்கையின் முதல் அரசாங்கக் கையெழுத்து. பட்டத்துக்கு வைப்பது போல் ஒரு வால் வைத்தேன்.

அவர்கள் போனதும் பக்கத்து வீட்டு ரீட்டா ஆன்ட்டியின் கோழிக்கூட்டில் சிவப்புச் சோக்கால் 48½ எழுதினேன். பின்னேரம் ஆன்ட்டி கிராம சேவகரிடம் போய், கோழிக்கும் ஃப்ளாட் உண்டா என்று விசாரித்தாராம். இன்றைய வெற்றி.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல், வயிற்றில் ஒன்றுமில்லை.

ஒழுங்கை முழுக்க ஃப்ளாட் கதை. எங்கள் யாரிடமும் காணி உறுதிப் பத்திரம் இல்லை, அதனால் காணிக்கு நட்டஈடு இல்லை. குடும்பத்துக்கு ஒரு ஃப்ளாட். அவ்வளவுதான். ரீட்டா ஆன்ட்டியின் கவலை: "பத்தாம் மாடியில இருந்து மீன்காரனை எப்பிடிக் கூப்பிடுறது?" ஃபோனில் என்றேன். முறைத்தார்.

எங்களுக்கு இரண்டு வரும் என்று அப்பா. கீழ் ஒன்று, மேல் ஒன்று. சித்திக்கு ஜன்னல் சீலை நீலமாம், இப்போதே முடிவு. கல்யாணம் முடித்து வந்த நாளில் இருந்து ஒன்பது வருஷம் ஓர் அறையில், இப்போது மூன்று பேராக, பாய் விரித்தால் கதவு திறக்காத அறையில் இருக்கிறார். நீலம் என்ன, வானவில்லே போடட்டும்.

மார்ச் 12, புதன்

சனசமூக நிலையத்தில் பட்டியல் ஒட்டினார்கள்.

47. ஆட்கள் 6. குடும்பம் 1.

சித்தப்பா விரலை வைத்து மூன்று தரம் வாசித்தார். விரலை எடுத்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரீட்டா ஆன்ட்டி வீடு: ஆட்கள் 2, குடும்பம் 2. ஆன்ட்டிக்கும் மகனுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. மகன் மூலையில் ஹொட்பிளேட் வைத்து நூடுல்ஸ் அவிக்கிறான். சண்டைக்கு ஒரு ஃப்ளாட் பரிசு. எங்கள் வீட்டில் போதிய சண்டை இல்லை.

கிராம சேவகர் விளங்கப்படுத்தினார். எத்தனை அறை, எத்தனை கல்யாணம் என்பதெல்லாம் இல்லை. ஒரே அடுப்பில் சமைத்தால் ஒரே குடும்பம். அதுதான் அவர்கள் எண்ணும் முறை.

எங்களுக்கு அது யாரும் யோசித்து வைத்த ஒழுங்கு இல்லை. அம்மா காலை ஏழரைக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவார். ஆகவே மாதச் சாமான் வாங்குவது அம்மா, சமைப்பது சித்தி. ஜூட்டின் வீட்டுப்பாடம் அம்மா, என் சாப்பாட்டுப் பார்சல் சித்தி. அப்படியே ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு அடுப்பு என்று யார் சொன்னது என்று அம்மா கேட்டார். நான்தான் என்றேன். அடிக்கவில்லை, ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"அவள் பொய்யே சொன்னவள்? இருக்கிறதைத்தானே சொன்னவள்," என்றார் சித்தி.

சித்தப்பா சேர்ட்டைக் கழற்றிக் கொழுவியபடி, "எந்த நாளும் எங்களுக்குப் பொய் சொல்றவள். ஒருக்கா அவங்களுக்கும் சொல்லியிருக்கலாம்," என்றார். பகிடியாகத்தான். யாரும் சிரிக்கவில்லை. நானும்.

மார்ச் 14, வெள்ளி

அப்பாவுடன் ஆபீஸ். மேன்முறையீடு. வரிசை வெளிவாசல் வரை. முதல் கவுண்டர் மூன்றாம் கவுண்டருக்குப் போகச் சொன்னது, மூன்றாவது முதலாவதுக்கு. இரண்டாம் கவுண்டரில் ஒருவரும் இல்லை, ஃபேன் மட்டும் சுற்றியது.

கேட்டவை:
– மேல்வீட்டுக்குத் தனிக் கரண்ட் பில். இல்லை.
– வாக்காளர் பதிவு. இருக்கிறது, ஆனால் ஒரே வீட்டு இலக்கம்.
– தனிச் சமையல். ஆள் வந்து பார்ப்பார். எப்போது? சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது பரிசோதனை இல்லையாம்.

ஆக, மிச்சம் இருப்பது சமையல் ஒன்றுதான்.

திரும்பி வரும்போது அப்பா பஸ்ஸில் நின்றபடியே நித்திரை. பையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவரின் சப்பாத்து நாடாக்கள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட அருமையான சந்தர்ப்பம். முடியவில்லை, மனம் வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் மேலே குசினி கட்டும் வேலை. சித்தப்பா பலகை அடித்தார். பழைய மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று. மீதியை என்னிடம் விட்டார்கள். ஏமாற்று வேலையில் எனக்குத்தான் அனுபவம்.

செய்தவை: மெழுகுதிரி பிடித்துச் சுவரில் கரி. எண்ணெய் தெறிப்பு. பலகையில் தேத்தண்ணி வட்டங்கள். சுவிட்சில் மஞ்சள் விரல் அடையாளம். கூடையில் வெங்காயத் தோல். ஒன்பது வருஷக் குசினி இரண்டு மணித்தியாலத்தில்.

சித்தி வந்து கனநேரம் பார்த்தார். "வடிவா இருக்கு. ஆனா மணக்கேல்ல பிள்ள."

பிறகு சொன்னார்: "நடிச்சாப் பிடிபடுவம். நாளையில இருந்து நான் இங்கேயே சமைக்கிறன்."

அம்மா சரி என்றார். வேறு என்ன சொல்ல?

மார்ச் 18, செவ்வாய்

அம்மா நாலரைக்கு எழும்புகிறார். சோறு களி. பார்சலைப் பள்ளிக்கூடத்தில் திறந்தபோது கரண்டியின் உருவம் அதில் அப்படியே பதிந்திருந்தது.

தேங்காய் திருவும் திருவலை ஒன்றுதான். ஏணிப்படியில் அதைத் தூக்கிக்கொண்டு மேலும் கீழும் நான். இன்று ஐந்து தரம்.

அப்பாவின் கட்டளை: மேலுக்கும் கீழுக்கும் கறி கொடுத்து வாங்குவது கூடாது. ஆள் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் வருவார். ஜூட் பழக்க தோஷத்தில் கீழே வந்து உட்கார்ந்தான். அம்மா எழுப்பி அனுப்பினார். அவன் எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே படி ஏறினான்.

மார்ச் 21, வெள்ளி

தவக்கால வெள்ளி, இறைச்சி இல்லை. மேலே சூடை மீன் பொரியும் மணம். கீழே பருப்பு. உப்புப் போடவில்லை. உப்பும் மேல்மாடிக்குக் குடிபோய்விட்டதா என்று கேட்டேன். அம்மா சிரிக்கப் பார்த்தார், கொட்டாவிதான் வந்தது.

மிளகாய்த்தூள் பிரச்சினை. மாதச் சாமான் அம்மா வாங்கியது, வறுத்து இடித்தது சித்தி. பாதி தா என்று அம்மா கேட்டாராம். சித்தி முழு டின்னையும் கொண்டுவந்து கீழ்ப்படியில் வைத்துவிட்டுப் போனார். கோபமா, பெருந்தன்மையா தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அதனால் டின் இரண்டு மணித்தியாலம் படியிலேயே இருந்தது. கடைசியில் நான்தான் பிரித்தேன். கை இன்னும் எரிகிறது.

மார்ச் 25, செவ்வாய்

வந்தார்கள். பன்னிரண்டரை. வயதான சிங்கள அதிகாரி ஒருவர், அவர்கள் வழக்கில் மஹத்தயா, தமிழ் தெரிந்த மிஸ் ஒருவர். எனக்கு இன்று உண்மையாகவே காய்ச்சல், வீட்டில் நின்றேன்.

மஹத்தயா படியேறி மூச்சு வாங்கினார். சுவர்க் கரியை விரலால் தொட்டு மணந்தார். என் மெழுகுதிரி. விரலைக் கைலேஞ்சியில் துடைத்தார். பிறகு சட்டியைத் திறந்தார். புளி விட்ட மீன் கறி, கொதித்துக்கொண்டு. கொஞ்சநேரம் மூடியைக் கையில் வைத்தபடியே நின்றார். பசி போல. மூடிவிட்டுத் தலையை ஆட்டினார்.

தப்பினோம் என்று நினைக்க, மிஸ் என் பக்கம் திரும்பினார்.

"மூண்டாம் திகதி ஒரே அடுப்பு எண்டு கையெழுத்து வச்சது நீங்கதானே? எது பொய்? அண்டைக்குச் சொன்னதா, இண்டைக்குக் காட்டுறதா?"

இதற்கு மூன்று பதில் தயாராக வைத்திருந்தேன். மூன்றும் நல்ல பதில். சித்தி கரண்டியைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றும் மறந்து போயின.

"அண்டைக்குப் பகிடி விட்டனான் மிஸ்."

"அரசாங்கத்தோடயா?"

"எல்லாரோடயும் விடுறனான்."

சித்தி தலையை நிமிர்த்தாமலே, "ஓம் மிஸ். அவள் அப்பிடித்தான்," என்றார். என்னைப் பற்றி இவ்வளவு நாளும் வந்த முறைப்பாடெல்லாம் இன்று சாட்சியாயிற்று.

மிஸ் எழுதினார்: முன்னர் வழங்கிய தகவல் பொய்யானது. கீழே ஒப்பம். வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உண்மையைப் பொய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்தில் வால் இல்லை.

அவர்கள் போன பிறகு அம்மாவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். கடைச் சத்தத்துக்குள் "ம்" என்றார். தூக்கக் கலக்கக் குரல்.

ஏப்ரல் 5, சனி

கடிதம். 47: குடும்பம் 2. முகத்துவாரத்தில் இரண்டு ஃப்ளாட், வேறு வேறு கட்டடம். சித்தப்பா ஜூட்டைத் தூக்கிச் சுற்றினார், அவன் தலை லைட்டில் இடித்தது, அழுகை. ரீட்டா ஆன்ட்டி மில்க் டொஃபி தந்தார். மகன் செய்ததாம். இரண்டு குடும்பமும் கதைக்கத் தொடங்கிவிட்டன போல.

அப்பா பிளேன்டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "இனி ஒரு பயமும் இல்லை. போகும் வரைக்கும் பழையபடி ஒண்டாச் சமையுங்கோ."

அம்மா ஓம் என்றார். மேலே கேட்டிருக்கும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மழை வருவது போல் இருட்டு, வரவில்லை. பூசை. வரும் வழியில் அம்மா முழுக் கோழி வாங்கினார். சமைத்தது அம்மாவேதான். உப்புச் சரி. சோறு உதிர்ந்திருந்தது. ஆச்சரியம்.

மேலே போய்க் கூட்டிக்கொண்டு வா என்றார்.

போனேன். சித்தி சோறு வடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா கரண்டி கொழுவ ஆணி அடித்திருந்தார், வரிசையாக ஐந்து. ஜன்னலில் நீலச் சீலை. ஃப்ளாட்டுக்கு வாங்கியது, அதுவரைக்கும் இங்கே கிடக்கட்டும் என்றார். கோபமே இல்லாத முகம். பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

"நாங்கள் வடிச்சிட்டம் பிள்ள. அக்காட்ட இன்னொரு நாளைக்கு எண்டு சொல்லு."

கீழே வந்தேன். அம்மா முதுகைக் காட்டியபடி கோழியைக் கிளறிக்கொண்டிருந்தார். மேசையில் ஆறு தட்டு.

மூன்றை எடுத்துத் திரும்ப அடுக்கினேன். சத்தம் வராமல்.